பெயிண்டிங், வீடு புதுப்பிக்கும் வேலைக்கு நல்ல கான்ட்ராக்டரைப் பிடிப்பது எப்படி?

பெயிண்ட் அடித்து முடித்த அன்று எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும். ஒழுங்காகச் சுரண்டிப் பட்டி (சுவரைச் சமப்படுத்தப் பூசுகிற பசை) பார்த்த சுவருக்கும், பழைய பெயிண்டின் மேலேயே இரண்டு கோட்டிங் இழுத்துவிட்ட சுவருக்கும் அன்றைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரு மழைக்காலம் போகட்டும். ஒன்று அப்படியே நிற்கும், இன்னொன்று பொரிந்து செதில் செதிலாக உதிரும். பல சமயம் இரண்டுக்கும் வாங்கிய பெயிண்ட் ஒன்றேதான். அடியில் நடந்த வேலைதான் வேறு. சுரண்டியது, கழுவியது, காயவிட்டது, பிரைமர் என்கிற அடிப்பூச்சு கொடுத்தது எல்லாம் மேல்பூச்சு விழுந்ததும் மறைந்துவிடுகிற வேலைகள். நாம் தேடுவது, மறைந்துபோகும் அந்த வேலையை நாம் பக்கத்தில் இல்லாதபோதும் சரியாகச் செய்கிற ஆளை. முதல்முறையாக வீட்டு வேலைக்கு ஆள் வைக்கிறவர்களுக்காக, எங்கே தொடங்கி எப்படிப் போவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வீட்டை நீங்களே பாருங்கள்

யாரையும் கூப்பிடுவதற்கு முன் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அறை அறையாகச் சுற்றி வாருங்கள். எங்கே விரிசல், எங்கே ஓதம், எங்கே உப்புப் பூத்திருக்கிறது, எங்கே பெயிண்ட் உப்பியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே செல்போனில் படமும் எடுத்துவையுங்கள். உங்கள் வீட்டின் நிலைமை உங்களுக்குத் தெரியாமல் போனால், வருகிறவர் சொல்வதுதான் உண்மை என்றாகிவிடும்.

சில எளிய சோதனைகளை நீங்களே செய்யலாம். உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டினால் பழைய பெயிண்ட் பொடிந்துபோயிருக்கிறது, அதன்மேல் புதுப்பூச்சு பிடிக்காது. நன்றாக ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிச் சடாரென்று இழுங்கள். பெயிண்ட் துண்டாக டேப்போடு வந்தால் அந்த இடத்தைச் சுரண்டியே ஆகவேண்டும். ஓதம் இருக்கும் என்று சந்தேகப்படுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைத் தொடுகிற பக்கம் ஈரம் கோத்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று அர்த்தம். வெளிப்பக்கம் மட்டும் ஈரமென்றால் அது அறைக் காற்றில் உள்ள ஈரம்.

விரிசல்களில் மெல்லிய மயிரிழை விரிசல் பயப்படுகிற விஷயம் இல்லை, பட்டியிலேயே அடைபட்டுவிடும். நகம் நுழைகிற அளவு அகலமானதும், செங்கல் இணைப்போடு படிக்கட்டு மாதிரி ஏறுவதும் வேறு கணக்கு. அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சில வாரங்களில் கோட்டைத் தாண்டி வளர்ந்தால் பெயிண்டரை அல்ல, கட்டடப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

அப்புறம் அளவு. இதைப் பலரும் கான்ட்ராக்டரிடமே விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்று வையுங்கள். நாலு சுவரின் மொத்த நீளம் 44 அடி, உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. 7க்கு 3 கதவு ஒன்று, 4க்கு 4 ஜன்னல் ஒன்று, இரண்டும் சேர்ந்து 37 சதுர அடி. கழித்தால் 403. மேல்தளம், அதாவது அறையின் உட்கூரை, தனியாக 120. டப்பாவில் ஒரு லிட்டர் ஒரு கோட்டிங்குக்கு எவ்வளவு பரப்பு பிடிக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். அது 120 சதுர அடி என்றால், இந்தச் சுவர்களுக்கு இரண்டு கோட்டிங் அடிக்க ஏறக்குறைய 7 லிட்டர் போதும். சொரசொரப்பான சுவர் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் கொட்டேஷனில் 14 லிட்டர் என்று வந்தால் ஏன் என்று கேட்க உங்களிடம் ஒரு கணக்கு இருக்கும். கதவு ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா, எவ்வளவு கழிப்பது என்பதில் ஆளுக்கொரு வழக்கம் உண்டு. அதையும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

எந்த மாதிரி ஆள் வேண்டும்?

வெறும் பெயிண்டிங் என்றால் பெயிண்டிங் மட்டுமே செய்கிற கான்ட்ராக்டரே போதும். குளியலறையை இடித்துக் கட்டுவது, வயரிங் மாற்றுவது, டைல்ஸ், மரவேலை என்று பல கைகள் சேர்கிற வேலையென்றால் எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கிற ஒருவர் தேவை. நீங்களே பிளம்பர், எலக்ட்ரீஷியன், கொத்தனார் என்று தனித்தனியாக வைத்துக்கொண்டால் கொஞ்சம் மிச்சமாகலாம். ஆனால் ஒருவர் வராத நாளில் மற்றவர் வேலை நின்றுபோகும், தவறு யாருடையது என்பதில் சண்டை வரும். தினமும் வேலை நடக்கும் இடத்தில் நிற்க நேரம் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

இன்னொரு முடிவு, பொருளோடு சேர்த்துக் கொடுப்பதா, கூலி மட்டுமா என்பது. பொருளோடு கொடுத்தால் அலைச்சல் இல்லை. ஆனால் எந்த பிராண்டு, அதில் எந்த ரகம் என்பதைப் பெயரோடு எழுதி வாங்க வேண்டும். ஒரே கம்பெனியிலேயே மலிவான எமல்ஷனும் (தண்ணீர் கலந்து அடிக்கிற சுவர் பெயிண்ட்) உண்டு, பல வருடம் கழுவித் துடைக்கத் தாங்குவதும் உண்டு. கம்பெனிப் பெயரை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாக அர்த்தம். கூலி மட்டும் என்றால் பொருளை நீங்கள் வாங்க வேண்டும், வீணாவதும் உங்கள் கணக்கு. முதல்முறை செய்கிறவர்களுக்குப் பொருளோடு கொடுத்துவிட்டு, வாங்கிய பில்லைக் காட்டச் சொல்வதே நல்லது என்பது என் கருத்து.

தினக்கூலிக்கு ஆள் வைப்பது சின்னச் சின்ன ரிப்பேருக்குச் சரி. முழு வீட்டுக்கும் தினக்கூலி என்றால் வேலை எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெயர்களைச் சேகரியுங்கள், பழைய வேலையைப் பாருங்கள்

தெரிந்தவர்கள், அக்கம்பக்கத்தார், பெயிண்ட் கடைக்காரர் என்று விசாரித்து மூன்று நான்கு பெயர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் “யார் நன்றாக அடிப்பார்?” என்று கேட்பதைவிட “யார் பாக்கி வைக்காமல் கொடுக்கிறார், யாருடைய வேலை பற்றிப் புகார் வருவதில்லை?” என்று கேட்டால் நேரான பதில் கிடைக்கும். கடையில் பாக்கி வைத்திருப்பவர் உங்கள் முன்பணத்தை எடுத்து அந்தப் பழைய பாக்கியை அடைப்பார்.

ஒவ்வொருவரிடமும் இரண்டு வருடத்துக்கு முன் செய்த ஒரு வேலையைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் முடித்த வீட்டைப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. செல்போனில் காட்டும் படங்களையும் நான் கணக்கில் எடுப்பதில்லை. பழைய வீட்டுக்குப் போனால் ஜன்னலுக்குக் கீழே, குளியலறைக்கு வெளிச்சுவர், மேல்தளமும் சுவரும் சேருகிற மூலை, இந்த மூன்று இடத்தையும் பாருங்கள். பூச்சு கெட்டுப்போவதானால் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

வீட்டுக்காரரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: “கடைசிப் பணத்தைக் கொடுத்த பிறகு ஏதாவது குறைக்காகக் கூப்பிட்டீர்களா? வந்தாரா?” வந்தார் என்று சொன்னால் அந்த ஒரு பதிலுக்காகவே அவரைப் பட்டியலில் மேலே வைக்கலாம்.

உங்கள் ஊரில் இந்தத் தொழிலுக்கு உரிமம் தேவை என்றால் அதைக் கேட்டுச் சரிபாருங்கள். வேலையாட்களுக்குக் காப்பீடு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்கள் விழுந்தால் யார் பொறுப்பு என்பது விழுந்த பிறகு பேசுகிற விஷயம் அல்ல.

இடம் பார்க்க வரும்போது அவரைக் கவனியுங்கள்

ஆள் எப்படிப்பட்டவர் என்பது இந்த அரை மணி நேரத்தில் பெரும்பாலும் தெரிந்துவிடும். சிலர் வாசலில் நின்றபடியே எத்தனை அறை என்று கேட்டு, வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்வார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

நல்ல மேஸ்திரி சுவரைத் தொடுவார். கட்டைவிரலால் அழுத்துவார், விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். சிமென்ட் பூச்சு செங்கலை விட்டுக் கழன்றிருந்தால் பொத்தென்று வேறு மாதிரி சத்தம் வரும். படுக்கையறைச் சுவரில் ஓதம் தெரிந்தால் அந்தச் சுவருக்கு அந்தப்புறம் என்ன இருக்கிறது என்று கேட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயையும் டைல்ஸ் இடுக்கையும் பார்ப்பார். மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர் தேங்குகிற இடத்தைத் தேடுவார். கடைசியில், “முதல்ல அந்தக் குழாயைச் சரிபண்ணுங்க சார், சுவர் நல்லா காயட்டும், அப்புறம் பெயிண்டைப் பத்திப் பேசலாம்” என்று சொல்வார். வந்த வேலையைத் தள்ளிப்போடச் சொல்கிறவரை நம்பலாம். ஓதத்தின் மேலேயே ஏதோ ஒரு கெமிக்கலை அடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர் அதன் மூலத்தைத் தேடவே இல்லை.

அவரிடம் கேட்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. இந்தச் சுவரை எப்படித் தயார் செய்வீர்கள்? பட்டி எத்தனை கோட், முழுச் சுவருக்குமா, பழுதான இடத்துக்கு மட்டுமா? பிரைமர் உண்டா? ஒரு கோட்டிங்குக்கும் அடுத்ததுக்கும் இடையில் எவ்வளவு நேரம் விடுவீர்கள்? தண்ணீரில் கரையும் எமல்ஷனுக்குப் பொதுவாகச் சில மணி நேரம் போதும். கதவு, கிரில்லுக்கு அடிக்கிற எண்ணெய் எனாமலை ஒரு இரவாவது காயவிட வேண்டும். புதிதாகச் சிமென்ட் பூசிய சுவரென்றால் சுமார் 28 நாள் ஆறவிட்டுத்தான் பெயிண்ட் அடிப்பது வழக்கம். இல்லாவிட்டால் சுவரில் இருக்கிற காரமும் ஈரமும் பூச்சைக் கெடுத்துவிடும். எல்லாவற்றையும் இரண்டே நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறவரிடம், காய்வதற்கு எந்த நேரத்தை விட்டிருக்கிறார் என்று கேளுங்கள்.

தினமும் வந்து நின்று வேலை பார்க்கப்போவது யார் என்பதும் முக்கியம். பேசுவது ஒருவர், வேலைக்கு வருவது யாரோ என்பது இந்தத் தொழிலில் சகஜம். அதில் தப்பில்லை. ஆனால் பொறுப்பாக நிற்கப்போகிற மேஸ்திரியை வேலை தொடங்கும் முன்பே நீங்கள் பார்த்துப் பேசியிருக்க வேண்டும்.

கொட்டேஷனை எழுத்தில் வாங்குங்கள்

மூன்று பேரிடம் வாங்கினால் போதும். மூன்று பேருக்கும் ஒரே பட்டியலைக் கொடுங்கள். ஒருவரிடம் மேல்தளம் சேர்த்து, இன்னொருவரிடம் சேர்க்காமல் கேட்டுவிட்டுத் தொகையை ஒப்பிட்டால் எந்தப் பயனும் இல்லை.

மொத்தத் தொகை மட்டும் எழுதிய ஒற்றை வரியை ஏற்காதீர்கள். சுரண்டுவது, விரிசல் அடைப்பது, பட்டி, உப்புத்தாள் தேய்ப்பது, பிரைமர், மேல்பூச்சு, கதவு ஜன்னல் கிரில், சாரம் கட்டுவது, பொருட்களை நகர்த்தி மூடிவைப்பது, கடைசியில் சுத்தம் செய்து குப்பையை வெளியேற்றுவது எல்லாம் தனித்தனி வரியாக வரவேண்டும். பெரும்பாலான தகராறு இந்தக் கடைசி இரண்டிலிருந்துதான் வருகிறது, ஏனென்றால் அது தன் வேலை இல்லை என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு தொகை மற்ற இரண்டைவிட ரொம்பவும் குறைவாக இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் எந்த வரி விட்டுப்போயிருக்கிறது என்று தேடுங்கள். அநேகமாகப் பட்டியும் பிரைமரும் இருக்காது. அல்லது வேலை பாதியில் இருக்கும்போது “இது அதில் சேராது” என்று ஒவ்வொன்றாக வரும். அதிகமாகச் சொன்னவரைத்தான் எடுக்கவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நடுவில் இருக்கிற தொகையைத் தெளிவான வரிகளோடு கொடுத்தவர்தான் பெரும்பாலும் சரியான ஆளாக இருப்பார்.

ஒப்பந்தமும் பணமும்

வேலைக்கு முன் ஒரு தாளிலாவது எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். என்னென்ன வேலை, எந்தப் பொருள், எந்த ரகம், எத்தனை கோட்டிங், தொடங்கும் தேதி, முடியும் தேதி, பணம் எப்போது எவ்வளவு, எத்தனை மாதத்துக்குள் பழுது வந்தால் இலவசமாகச் சரிசெய்து தருவார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பெயிண்ட் கம்பெனி தருகிற வாரன்டி வேறு, கான்ட்ராக்டர் தன் கைவேலைக்குத் தருகிற உத்தரவாதம் வேறு. கம்பெனி வாரன்டியில் ஓதத்தால் வரும் சேதம் சேராமல் இருக்கக்கூடும், அந்தச் சின்ன எழுத்தையும் படித்துவிடுங்கள்.

முன்பணமாகப் பத்திலிருந்து இருபது சதவீதத்துக்கு மேல் கொடுக்காமல் இருப்பது பாதுகாப்பு. மீதியைத் தேதி பார்த்துக் கொடுக்காமல் முடிந்த வேலையைப் பார்த்துக் கொடுங்கள். பட்டியும் பிரைமரும் முடிந்து நீங்கள் பார்த்த பிறகு ஒரு பகுதி, முதல் கோட்டிங் முடிந்ததும் ஒரு பகுதி. கடைசிப் பத்து சதவீதத்தையாவது எல்லாக் குறையும் தீர்ந்த பிறகே கொடுப்பது என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். முதலில் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசி நாளில் திடீரென்று பிடித்துவைத்தால்தான் மனக்கசப்பு. அதேபோல, பேசிய கட்டம் முடிந்த அன்றே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அவர் அன்றைக்கே ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியவர்.

நடுவில் நிறத்தை மாற்றுவது, இன்னொரு அறையைச் சேர்ப்பது என்று எது வந்தாலும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி, கூடுதல் தொகை எவ்வளவு, எத்தனை நாள் என்று பதில் வாங்கிய பிறகே தொடங்கச் சொல்லுங்கள்.

வேலை நடக்கும்போது

பெயிண்டிங் எப்போதும் கடைசியில்தான் வரவேண்டும். இடிப்பது, குழாய், வயரிங், நீர்க்கசிவுத் தடுப்பு, சிமென்ட் பூச்சு, டைல்ஸ், மரவேலை எல்லாம் முடிந்த பிறகு பட்டி. ஏசி, விளக்கு மாட்டத் துளை போடுவதென்றால் கடைசிக் கோட்டிங்குக்கு முன் முடிக்க வேண்டும். சுவருக்குள் குழாயும் வயரும் மூடப்படுவதற்கு முன் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துவையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது அந்தப் படம்தான் உதவும். குளியலறைத் தரைக்கு நீர்க்கசிவுத் தடுப்பு போட்டதும், டைல்ஸ் ஒட்டும் முன், தண்ணீரைத் தேக்கி ஒரு நாளாவது விட்டுக் கீழே கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனையைத் தட்டிக்கழிக்கிறவர்களிடம் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

பழைய வீடென்றால் ஒரு எச்சரிக்கை. முன்பெல்லாம் பெயிண்டில் ஈயம் கலந்திருந்தது. அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் அதை 1978-ல் தடை செய்தது, பல நாடுகளில் கட்டுப்பாடு அதற்கும் வெகுகாலம் கழித்தே வந்தது. அந்தப் பூச்சை உலர்ந்தபடியே தேய்த்தால் வருகிற தூசு குழந்தைகளுக்கு மிக ஆபத்து. பரிசோதித்துப் பார்ப்பது, இருந்தால் அதைக் கையாளத் தெரிந்தவரிடம் கொடுப்பது, ஈரப்படுத்தித் தேய்ப்பது, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த நாட்களில் வேறு இடத்தில் தங்கவைப்பது, இதில் எதையும் செலவு என்று பார்க்காதீர்கள்.

பெயிண்ட் டப்பாக்கள் சீல் உடையாமல் உங்கள் கண்முன்னால் திறக்கப்படட்டும். ஒரே அறைக்கு வந்த டப்பாக்களில் பேட்ச் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் கலந்துகொள்ளச் சொன்னால் சுவருக்குச் சுவர் நிறம் மாறாது. தண்ணீர் எவ்வளவு கலக்கலாம் என்பது டப்பாவிலேயே இருக்கும். அதற்கு மேல் கலந்தால் அடிக்க இலகுவாக இருக்கும், பூச்சு மெலிந்துபோகும். காலி டப்பாக்களை வேலை முடியும்வரை ஒரு மூலையில் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள், வாங்கிய கணக்கோடு ஒத்துப்பார்க்கலாம்.

நீங்கள் தவறாமல் நேரில் பார்க்க வேண்டிய நாள் ஒன்று உண்டு. பட்டி தேய்த்து முடித்து, பிரைமர் அடிக்கும் முன். அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் ஒவ்வொரு மேடு பள்ளமும் நிழலோடு தெரியும். பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டுங்கள். அந்த நேரத்தில் அதைச் சரிசெய்வது அவர்களுக்குச் சின்ன வேலை, இரண்டு கோட்டிங் ஏறிய பிறகு என்றால் அந்தச் சுவர் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும்.

வெளிச்சுவரை மழை வரும் நாளிலும், சுட்டெரிக்கும் வெயில் நேராகப் படும் நேரத்திலும் அடிக்க விடாதீர்கள். அதனால் இரண்டு நாள் தள்ளிப்போனால் போகட்டும். வேலையாட்களிடம் நேரடியாகச் சத்தம் போடாமல் மேஸ்திரியிடம் சொல்லுங்கள். குடிக்கத் தண்ணீரும், கை கழுவ ஒரு இடமும் காட்டிவிடுங்கள்.

முடித்து வாங்கும்போது

பகல் வெளிச்சத்தில், மேஸ்திரியையும் வைத்துக்கொண்டு அறை அறையாகப் போங்கள். கதவின் மேல் விளிம்பு, கதவுக்குப் பின்னால் உள்ள சுவர், சுவிட்ச் பலகையின் ஓரம், ஜன்னல் கண்ணாடியில் தெறித்த துளிகள், நிறமும் நிறமும் சேருகிற கோடு, தரை ஓரப் பட்டை, இவையெல்லாம் அவசரத்தில் விட்டுப்போகிற இடங்கள். குறைகளை எழுதி, எந்தத் தேதிக்குள் என்று போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் மீதிப் பணத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கிவிடுங்கள்.

ஒவ்வொரு நிறத்திலும் மிஞ்சியதைக் கொஞ்சமாவது சின்ன டப்பாவில் இறுக்கமாக மூடி, மேலே எந்த அறை, நிறத்தின் எண், தேதி என்று எழுதி வெயில் படாத இடத்தில் வையுங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும், ஆரம்பத்தில் குறித்துவைத்த அந்த ஓத இடங்களை மறுபடி பார்த்து, ஏதாவது தெரிந்தால் உத்தரவாதக் காலம் முடியும் முன்பே படத்தோடு கான்ட்ராக்டருக்குத் தகவல் அனுப்பிவிடுங்கள்.